ஜப்பானியச் செம்புப் பாத்திரம்: எதை வாங்கலாம், எப்படிக் காப்பாற்றலாம்

கேள்வி இது: "டோக்கியோவுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. வீட்டில் ஜப்பானியச் சமையல் பழகிக்கொண்டிருக்கிறோம். கப்பாபாஷி பாத்திரக் கடைத் தெருவில் கையால் அடித்த செம்புப் பாத்திரங்களைப் பார்த்தோம். அழகு கண்ணைப் பறிக்கிறது, விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உண்மையிலேயே தேவையா? வாங்கினால் முதலில் எதை வாங்குவது? செம்பில் சமைத்துச் சாப்பிடுவது உடம்புக்கு ஆகுமா?"

வாங்கலாம், ஆனால் செட்டாக வாங்காதீர்கள். ஒன்றே ஒன்று வாங்குங்கள். அது தமாகோயாகிச் சட்டியாக, அதாவது முட்டையை அடுக்கடுக்காகச் சுருட்டி எடுக்கும் அந்தச் செவ்வகச் சட்டியாக இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தால் முள்ளங்கி துருவும் செம்புத் துருவி. மற்றதெல்லாம் பிறகு. உடம்புக்கு ஆகுமா என்ற கேள்விக்கும் இந்த வரிசைக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: செம்பின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளீயம் (டின்). கடையில் எல்லாரும் வெளியே மின்னும் செம்பைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் பழக வேண்டியது உள்ளே மங்கலாக வெள்ளை அடித்திருக்கும் அந்த மெல்லிய பூச்சோடு.

முதலில் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் இரும்பைப் போல ஐந்து மடங்கு, எவர்சில்வரைப் போல இருபத்தைந்து மடங்கு. சமையலில் இதற்கு இரண்டு பலன்கள். அடுப்புத் தீ நடுவில் மட்டும் பட்டாலும் சட்டியின் நான்கு மூலைக்கும் சூடு பரவிவிடும். தீயைக் குறைத்தால் சட்டியும் உடனே குறையும். நம் இரும்புத் தோசைக்கல் இதற்கு நேர் எதிர். ஒருமுறை காய்ந்துவிட்டால் சூட்டை விடாது. தண்ணீர் தெளித்துத்தான் அடக்குகிறோம். தோசைக்கு அந்தப் பிடிவாதம் வேண்டும். தாஷிமாகிக்கு அது ஆகாது.

தாஷிமாகி என்பது ஒசாகா, கியோட்டோ பக்கத்து முட்டைச் சுருள். கொம்பு என்ற கடற்பாசியும் காய வைத்துச் சீவிய கட்சுவோ மீனும் சேர்த்து இறக்கிய தாஷி சாற்றை முட்டையில் கலந்து சுருட்டுவது. மூன்று முட்டைக்கு 60 மில்லி சாறு, ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் வெளிர்நிறச் சோயா. இவ்வளவு சாறு சேர்ந்த முட்டை கிட்டத்தட்ட தண்ணீராக ஓடும். அது இறுகுவதற்கும் முறுகிப்போவதற்கும் நடுவில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. சட்டியில் ஒரு மூலை அதிகச் சூடாக இருந்தால் அங்கே முட்டை பழுப்பேறி வறண்டுவிடும், இன்னொரு மூலையில் பச்சையாக நிற்கும், சுருட்டும்போது கிழியும்.

செம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எண்ணெயில் நனைத்த துணியால் அடியையும் பக்கங்களையும் துடைத்து, சட்டியை மிதமான தீயில் வைக்கிறீர்கள். சாப்ஸ்டிக் நுனியால் ஒரு சொட்டு முட்டையை விடுகிறீர்கள். 'சுர்'ரென்று சத்தம் வந்து உடனே வெண்மஞ்சளாக உறைந்தால் சூடு சரி. ஒரு கரண்டி ஊற்றிச் சட்டியைச் சாய்த்ததும் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சிறு கொப்புளங்கள் எழும். அவற்றைக் குத்திவிட்டு, மேல்பக்கம் இன்னும் ஈரமாக மினுக்கும்போதே சுருட்டி ஒரு ஓரமாகத் தள்ள வேண்டும். காலியான இடத்தில் மறுபடி எண்ணெய்த் துணி. அடுத்த கரண்டி ஊற்றும்போது சுருளைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் முட்டை அதன் அடியிலும் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்த்து மறுபடி சுருட்டல். ஒவ்வொரு முறையும் சட்டியைத் தீயிலிருந்து ஒரு சாண் உயர்த்துவதும் இறக்குவதுமாகவே வேலை நடக்கும். உயர்த்தியதும் சூடு தணிகிறது, இறக்கியதும் ஏறுகிறது. கையின் பேச்சைச் சட்டி கேட்கிறது. மெல்லிய நான்ஸ்டிக் சட்டியிலும் தமாகோயாகி வரும், எத்தனையோ ஜப்பானிய வீடுகளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் வெட்டும்போது உள்ளிருந்து சாறு கசியும் அந்த மென்மை செம்பில் எவ்வளவு எளிதாகக் கைகூடுகிறது என்பதை ஒருமுறை செய்து பார்த்தால்தான் புரியும்.

கடையில் இரண்டு வடிவம் இருக்கும். நீளச் செவ்வகம் கன்சாய், அதாவது ஒசாகா, கியோட்டோ பக்கத்து வகை. சுத்தச் சதுரம் கான்டோ வகை. டோக்கியோ சுஷிக் கடைகளின் இனிப்பான, தடித்த முட்டைக்கு அது. சதுரச் சட்டிக்கு ஒரு மரப்பலகையும் உண்டு, அதை வைத்துத்தான் முட்டையைத் திருப்புவார்கள். சர்க்கரை அதிகம் என்பதால் அந்த முட்டை சீக்கிரம் கருகும், இன்னும் நிதானம் வேண்டும். பழகுகிறவர்களுக்குச் செவ்வகம்தான் சரி. அகலம் 12, 13 செ.மீ., நீளம் 16 முதல் 18 செ.மீ. வரை இருந்தால் மூன்று நான்கு முட்டைக்குப் போதும். தகட்டின் கனம் 1.5 மி.மீ. அளவில் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் குளிர்ந்த முட்டையை ஊற்றியதும் சட்டி சட்டென்று ஆறிவிடும். அதைவிடக் கனத்தால் இடது மணிக்கட்டு தாங்காது. கடையிலேயே ஒரு கையால் தூக்கி, முன்னால் சாய்த்துப் பாருங்கள்.

கையால் அடித்தது என்கிறார்களே, அது என்ன? செம்பை அடிக்க அடிக்க அது இறுகும். மேலும் அடித்தால் வெடித்துவிடும். அதனால் நடுவில் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆற்றுவார்கள், மறுபடி இளகிவிடும். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகும், செம்பு மென்மையாகும். இந்தக் குணத்தை நம்பித்தான் ஒரே தட்டைத் தகட்டிலிருந்து மூக்கோடு சேர்ந்த கெட்டில் வரை ஒட்டில்லாமல் அடித்து எடுக்கிறார்கள் நீகாத்தா மாகாணத்தின் த்சுபாமே ஊர்க்காரர்கள். அந்த ஊர் எடோ காலத்தின் தொடக்கத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டில், ஆணி அடித்துப் பிழைத்த ஊர். பக்கத்தில் யாஹிகோ மலையோரம் செம்புச் சுரங்கம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் செந்தாய் பகுதியிலிருந்து வந்த கைவினைஞர் ஒருவர் செம்பு அடிக்கும் வித்தையைக் கொண்டுவந்தார். 1816-ல் தொடங்கிய கியோகுசெந்தோ பட்டறை இன்றும் அங்கே அடித்துக்கொண்டிருக்கிறது. 1981-ல் ஜப்பான் அரசு இந்த வேலையை மரபுக் கைவினை என்று அறிவித்தது. கெயாகி மரத்தின் பெரிய அடிக்கட்டையில் துளை போட்டு, அதில் விதவிதமான இரும்புக் கொம்புகளைச் செருகி, அந்தக் கொம்பின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து, கட்டை மேலேயே உட்கார்ந்து அடிப்பார்கள். சுத்தியல் எல்லா அடியிலும் ஒரே இடத்தில்தான் விழும். பாத்திரம்தான் விரல்களுக்கிடையில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சட்டியின் மேல் தெரியும் சுத்தியல் தழும்புகளுக்கு 'த்சுச்சிமே' என்று பெயர். அழகுக்காக என்று நினைக்க வேண்டாம், மென்மையான செம்புத் தகடு நெளியாமல் நிற்பது அந்த அடியால்தான். ஆனால் இதே தழும்பை அச்சில் அழுத்தி எடுத்த பாத்திரங்களும் நிறைய விற்கின்றன. சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அச்சில் எடுத்ததில் ஒரே கோலம் சீராகத் திரும்பத் திரும்ப வரும். கையால் அடித்ததில் ஒன்றையொன்று மேவிக்கொண்டு, மூலைகளில் நெருங்கி, நடுவில் விலகி இருக்கும். அச்சு வேலை மட்டம் என்று சொல்ல மாட்டேன், கனமும் பூச்சும் சரியாக இருந்தால் சமையல் நன்றாகவே வரும். கையால் அடித்ததற்கான விலையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஜப்பானில் ஏன் இவ்வளவு செம்பு என்றும் ஒரு வார்த்தை. பதினேழாம் நூற்றாண்டில் உலகிலேயே அதிகமாகச் செம்பு வெட்டிய நாடுகளில் ஜப்பான் ஒன்று. ஷிகோகு தீவின் பெஷ்ஷி சுரங்கம் 1691-ல் திறந்து 1973 வரை ஓடியது. ஒசாகாவில் சுத்திகரித்துக் கம்பிகளாக வார்த்த செம்பை நாகசாகியிலிருந்து டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போயின. அந்தச் சரக்கு இறங்கிய முக்கியமான சந்தைகளில் ஒன்று நம் சோழமண்டலக் கடற்கரை. டச்சுக்காரர்களின் தலைமையிடம் அங்கே முதலில் பழவேற்காட்டிலும் பிறகு நாகப்பட்டினத்திலும் இருந்தது. நம் ஊர்க் காசுகளிலும் பாத்திரங்களிலும் ஜப்பானியச் செம்பு கலந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனி உடம்பு. 'ரொகுஷோ' என்று ஜப்பானியர்கள் சொல்லும் பச்சைக் களிம்பு கொடிய விஷம் என்று அவர்கள் பல தலைமுறைகளாக நம்பினார்கள், பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் படித்தார்கள். சுகாதார அமைச்சகம் ஆய்வு நடத்தி, 1984-ல் அது அப்படிப்பட்ட கொடிய நஞ்சு இல்லை என்று தெளிவுபடுத்தியது. அதற்காக வெறும் செம்பில் எதையும் சமைக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புளிப்புப் பொருளை வெறும் செம்பில் நேரம் கழிய வைத்தால் செம்பு அதில் கரையும், குடித்தவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். செம்பில் புளி ஆகாது என்று நம் பாட்டிமார் சொன்னது முழுக்கச் சரி. ஜப்பானின் உணவுச் சுகாதார விதிகளும் அதையே சொல்கின்றன. செம்புப் பாத்திரத்தில் உணவு படும் பகுதி முழுவதும் வெள்ளீயமோ வெள்ளியோ பூசியிருக்க வேண்டும், அல்லது தீங்கு வராதபடி வேறு ஏற்பாடு இருக்க வேண்டும். துரு இல்லாமல் தன் இயல்பான பளபளப்போடு இருக்கும் செம்புக்கு மட்டும் விலக்கு. பூசுகிற வெள்ளீயத்தில் காரீயம் (லெட்) 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. ஆகவே ஜப்பானில் செய்த, உள்ளே பூசிய சட்டியில் முட்டை சுருட்டிச் சாப்பிட நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

அந்த விலக்கு யாருக்கு என்றால் இனிப்புக் கடைக்காரர்களுக்கு. வாகாஷி செய்யும் இடங்களில் சிவப்புப் பயறும் சர்க்கரையும் கிளறும் பெரிய செம்பு அண்டா பூச்சில்லாமல் பளபளவென்று தேய்த்திருக்கும். அதில் புளிப்பு இல்லை, வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துவிடுகிறார்கள். பச்சை உமே காயைப் பாகில் போடும்போது வேண்டுமென்றே வெறும் செம்பில் வேக வைப்பார்கள். காயின் பச்சையத்தில் இருக்கும் மக்னீசியத்தின் இடத்தைச் செம்பு பிடித்துக்கொள்வதால் பச்சை நிறம் மங்காமல் நிற்கும். பார்க்க மரகதம்தான். ஆனால் உமே புளிக்கும் காய். நான் சொல்வது பழகியவர்கள் அளவறிந்து செய்யும் வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

வெள்ளீயத்துக்கு முதல் எதிரி அதிகச் சூடு. அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். ரசம் வைக்கும் நம் ஈயச் சொம்பும் இதே உலோகம்தான். அடுப்பில் வெறுமனே வைத்தால் ஒழுகிவிடும் என்று ரசத்தை ஊற்றிய பிறகே தீ மூட்டுகிறோமே, அதே எச்சரிக்கை இங்கும். செம்புச் சட்டியைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டு முட்டை உடைக்கப் போகாதீர்கள். முட்டை கலக்கி, துணி எண்ணெயில் நனைந்து, எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் வந்த பிறகே தீ. அதிலும் எண்ணெய் தடவிய பிறகு. தீ எப்போதும் மிதம். செம்புக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. இறைச்சி வறுப்பது, மீனைச் சுடுவது எல்லாம் இரும்பு வாணலியின் வேலை.

புதுச் சட்டிக்கு எண்ணெய் பழக்க வேண்டும். வெந்நீரில் கழுவித் துடைத்து, பாதிக்கு மேல் சமையல் எண்ணெய் ஊற்றி, மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் போல வைத்து, அணைத்து ஆற விடுங்கள். புகை வரக் கூடாது. எண்ணெயை வடித்துத் துடைத்தால் சட்டி தயார். முதல் சில முறை முட்டை கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். சுரண்டாதீர்கள், வெந்நீரில் ஊறவிட்டால் விட்டுவிடும். பழகிய பிறகு முட்டைச் சட்டிக்குச் சோப்பே வேண்டாம், சூடு இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். கண்டிப்பாகச் சோப்புப் போட்டாக வேண்டுமென்றால் மென்மையான பஞ்சு, பிறகு துளி ஈரமில்லாமல் துடைத்து லேசாக எண்ணெய். கம்பி நார், சாம்பல், தேய்க்கும் பொடி எதுவும் உள்பக்கம் படக் கூடாது. கரண்டி மரமோ மூங்கிலோதான். வெளிச் செம்பு கறுத்தால் புளியும் உப்பும் போட்டுத் தேயுங்கள், ஜப்பானியர்கள் வினிகரும் உப்பும் போடுகிறார்கள். உள்ளே வெள்ளீயம் சாம்பல் நிறமாக மங்குவது இயல்பு, அதைப் பளபளப்பாக்கப் போனால் பூச்சுத்தான் தேயும். சமைத்ததைப் பாத்திரத்திலேயே இரவு வைத்துவிடாதீர்கள்.

துருவியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 'ஒரோஷிகானே' என்று பெயர். அகன்ற தலையும் குறுகிய கைப்பிடியும் கொண்ட செம்புப் பலகை, ஒரு பக்கம் முள்ளங்கிக்குப் பெரிய பற்கள், மறுபக்கம் இஞ்சிக்குச் சிறியவை. முதலில் பலகைக்கு வெள்ளீயம் பூசி, பூசிய சூட்டில் இளகிய செம்பைச் சுத்தியலால் அடித்து மறுபடி இறுக்குவார்கள். பிறகுதான் பல். இடது கையில் உளி, வலது கையில் சுத்தியல். ஒரு அடிக்கு ஒரு பல் நிமிரும். கோடு போட்டுக்கொள்வதில்லை, கண்ணளவுதான். அதனால் வரிசைகள் இம்மியளவு முன்பின்னாக விழும். அந்த ஒழுங்கின்மைதான் இதன் சிறப்பு: முள்ளங்கி ஒரே தடத்தில் சறுக்கி வழுக்காமல் ஒவ்வொரு பல்லிலும் புதிதாக மாட்டும். பற்கள் கூர்மையாக இருப்பதால் காயை நசுக்காமல் அறுக்கின்றன. பிளாஸ்டிக் துருவியில் துருவிய முள்ளங்கி கிண்ணத்தில் தண்ணீர் தனியாக, நார் தனியாகப் பிரிந்து நிற்கும். செம்பில் துருவியது பனித்தூள் போலச் சேர்ந்து குவிந்திருக்கும், நாக்கில் நார் தட்டாது, காரமும் இதமாக இருக்கும். வாட்டிய சான்மா மீனின் மேல் அதை வைத்து இரண்டு சொட்டுச் சோயா விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். அழுத்தாமல், எடையே இல்லாதது போல வட்டமாகச் சுழற்றித் துருவுங்கள். கழுவ மூங்கில் குச்சித் துடைப்பம் போதும். அடுப்பில் ஏறாத பாத்திரம் என்பதால் பூச்சு உருகும் கவலையே இல்லை. சட்டிக்கு இப்போது மனம் ஒப்பவில்லை என்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

யுகிஹிரா என்பது விளிம்பில் மூக்கு வைத்த, மூடியில்லாத, மரக் கைப்பிடிச் சட்டி. காயோ மீனோ குழம்பின் மேலேயே மிதக்கும் மரமூடி போட்டு அவிக்கும் நிமோனோ வகைகளுக்கு. செம்பு யுகிஹிரா மிக அழகானது. கியோட்டோ நிஷிகி கடைத்தெருவில் 1560-ல் தொடங்கிய ஆரித்சுகு கத்திக் கடையில் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால் கை தானாகப் போகும். ஆனால் வீட்டு நிமோனோவுக்கு அலுமினிய யுகிஹிராவே தொண்ணூறு பங்கு வேலையைச் செய்துவிடும், விலையும் குறைவு, எடையும் குறைவு. சோறுக்கு மண்சட்டி. எனவே யுகிஹிராவுக்கு அவசரப்பட வேண்டாம். அப்புறம், உங்கள் வீட்டு அடுப்பு இண்டக்ஷன் என்றால் சாதாரண இண்டக்ஷனில் செம்பு சூடேறாது. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன கேஸ் அடுப்பு ஒன்று தேவைப்படும்.

வருடங்கள் போனால் பூச்சு தேயும். மெல்லிய கீறலாகச் செம்பு தெரிந்தால் பதற வேண்டாம். நகம் அகலத்துக்கோ அதற்கு மேலோ திட்டுத் திட்டாகச் சிவப்புத் தெரியத் தொடங்கினால் மறுபூச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போதே கடையில் கேளுங்கள்: மறுபூச்சு செய்து தருவீர்களா, கைப்பிடி மாற்றித் தருவீர்களா, துருவிக்குப் பல் மறுபடி வைத்துத் தருவீர்களா? பட்டறையோடு நேரடித் தொடர்புள்ள கடை உடனே ஆம் என்று சொல்லும். பதில் சொல்லத் திணறும் கடையில் இவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டாம். கைப்பிடி மரம் கருகுவது சகஜம், தனியாகவே விற்கிறது.

ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப் போனாலும் கவலையில்லை. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் செய்யும் வேலையும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான்: பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை இழைத்து, பஞ்சால் ஒரே வீச்சில் துடைப்பது. இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுங்கள். காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம் வேண்டும். முடிந்தால் நீங்களே நம்பகமான இடத்தில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சூடேற்றும் முன் மரக் கைப்பிடியின் ஆணியைக் கழற்றி மரத்தைத் தனியே எடுத்துவிட வேண்டும். துருவியை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். பற்களின் மேலேயே பூசினால் கூர் மூடிப்போகும். பழைய பற்களை அடித்துச் சமமாக்கி, பூசி, பிறகு புதிதாகப் பல் எழுப்பத் தெரிந்த கை வேண்டும். அதற்கு ஜப்பானுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.